படத்தில் வராத வீடு

புதிதாக இன்டீரியர் வேலை முடித்த வீட்டுக்குப் போனால் என் கண் முதலில் தேடுவது கிரைண்டரை. சமையலறையில் கைப்பிடி இல்லாத கதவுகள், மெல்ல மூடிக்கொள்ளும் இழுப்பறைகள், சிம்னி, அலமாரிக்கு அடியில் ஒளிரும் பட்டை விளக்கு எல்லாம் இருக்கும். கிரைண்டர் மட்டும் துணி துவைக்கும் இடத்தில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே, எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து ஒயர் இழுத்துத் தரையில் வைக்கப்பட்டிருக்கும். வாரத்துக்கு இரண்டு முறை மாவரைக்கிற வீடு அது. ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் அங்கே தூக்கிப் போய், குனிந்து போட்டு, குனிந்து வழித்து, கல்லைக் கழுவ மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். வேலை தொடங்குமுன் அந்த வீட்டாருக்குக் காட்டிய முப்பரிமாணப் படத்தில் கிரைண்டர் இல்லை. இருபது லிட்டர் தண்ணீர் கேனும் கேஸ் சிலிண்டரும் இட்லிக் குண்டானும் கூட இல்லை. படத்தில் இல்லாதவற்றுக்குக் கட்டிய வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை.

ஒரு வீட்டின் உள்வேலை நன்றாக அமைவதும் கெடுவதும் எதனால்? பணம் போதாததால் கெட்ட வீடுகளும் உண்டு. ஆனால் போதிய பணம் செலவழித்தும் கெட்ட வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கையில் காரணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. படத்தில் தெரியும் பரப்புக்கே யோசனையும் பணமும் போகின்றன. படத்தில் வராத ஒயர், குழாய், பலகையின் உள்பக்கம், கீல், அந்த வீட்டு மனிதர்களின் உயரம், வயது, அன்றாடப் பழக்கம் ஆகியவை கடைசியில் வருகின்றன, அல்லது வருவதே இல்லை.

உள்வேலை என்று தனியாக ஒன்று இருப்பதே நமக்குப் புதிது. ஐம்பது ஆண்டுக்கு முன் கட்டிய வீட்டில் கொத்தனார் சுவர் எழுப்பும்போதே கடப்பா கல்லைப் பதித்து செல்ஃப் வைத்துவிடுவார். விளக்கு மாடம், பரண், சுவருக்குள் அடங்கிய அலமாரி எல்லாம் கட்டடத்தோடு சேர்ந்தே வந்தன. தரையே அலங்காரமாக இருந்தது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில் இன்றும் செய்கிறார்களே, அந்தத் தரைக்கல் சூளைக்குப் போவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, நிறம் கலந்த சிமெண்டைப் பூவேலை அச்சுக்குள் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பே கல்லுக்கு வருகிறது. நடக்க நடக்க மெருகு ஏறுகிறது. செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களையும் சுண்ணாம்புப் பூச்சையும் தனி அலங்காரம் என்று பிரிக்க முடியாது. அவையே வீடு. எல்லை தாண்டிக் கேரளத்தில் லாரி பேக்கர் கட்டிய வீடுகளிலும் செங்கல்லிலேயே இருக்கையும் அலமாரியும் கட்டப்பட்டிருப்பதைக் காணலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தபோது கட்டடமும் உள்வேலையும் பிரிந்தன. கட்டுநர் நான்கு சுவரும் தரையும் கதவும் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். வீடாக்கும் வேலை வாங்கியவர் தலையில் விழுகிறது. அந்த இடைவெளியில்தான் இன்டீரியர் தொழில் வளர்ந்தது, அதோடு மாடுலர் கிச்சனும் வந்தது.

மாடுலர் கிச்சனின் மூலக்கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நாம் எடுத்துக்கொண்டதும் விட்டுவிட்டதும் இருக்கின்றன. 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், சுமார் 70 சதுர அடி. ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது அமைந்தது. அரிசி, சர்க்கரை என்று பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், உட்கார்ந்து நறுக்க ஜன்னலோரம் ஒரு பலகை, வேண்டிய இடத்துக்கு நகர்த்தக்கூடிய கூரை விளக்கு. அவருக்கு அப்போது சமைத்துப் பழக்கமில்லை. பின்னாளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் அளந்தார். ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்தார். ரயிலின் உணவுப் பெட்டியில் அத்தனை சின்ன இடத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்தார். சமைக்கத் தெரியாதவர் செய்த சமையலறை நூறாண்டு நின்றதற்கு இந்த அளவெடுப்புதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். நாம் அந்தப் பெட்டிகளின் வரிசையை எடுத்துக்கொண்டோம், அளவெடுப்பை விட்டுவிட்டோம். அவர் அளந்தது ஜெர்மானியத் தொழிலாளியின் சமையலை. நம் சமையல் தரையிலிருந்து மேடைக்கு ஏறியே இரண்டு மூன்று தலைமுறைதான் ஆகிறது. அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மணை எல்லாமே உட்கார்ந்து செய்யும் வேலைக்கானவை. நின்று சமைப்பதற்கான நம் அளவுகளை யாராவது எடுக்க வேண்டும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் வெளியிட்ட தேபகுமார் சக்ரவர்த்தியின் நூல் இந்திய உடல் அளவுகளைத் தொகுத்துத் தந்தது. ஆனால் நம் வீட்டுக்கு வரும் ஷோரூம் வரைபடங்களில் பயன்படுவது பெரும்பாலும் ஏதோ ஒரு பொது அளவு.

ஆகவே முதல் வேலை படம் பார்ப்பது அல்ல, ஒரு நோட்டு வாங்குவது. இப்போது இருக்கும் வீட்டிலேயே ஒரு வாரம் எதெது எங்கே கிடக்கிறது என்று எழுதுங்கள். வீட்டில் எத்தனை பாய், எத்தனை தலையணை, விருந்தாளிக்கான மெத்தை எத்தனை? கொலுப்படி பிரித்து வைக்க எவ்வளவு இடம் வேண்டும்? மழைக்காலத்தில் துணி எங்கே காய்கிறது? செருப்பு எத்தனை ஜோடி? பள்ளிப் பையை வந்தவுடன் பிள்ளை எங்கே போடுகிறது? பையை அங்கேயே மாட்ட ஓர் ஆணி அடிப்பது, அதை அறைக்குள் கொண்டு வைக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் கத்துவதைவிட நல்ல வடிவமைப்பு. இருக்கும் பொருளில் எது புது வீட்டுக்கு வரும், எது வராது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். பாட்டியின் தேக்கு பீரோ வருகிறதென்றால் அதன் நீள அகல உயரம் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

சமையலறைக்கு மட்டும் இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டும். மேடை உயரம் இங்கே வழக்கமாக 32 முதல் 34 அங்குலம். அதிகம் சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரமோ, அதிலிருந்து நான்கைந்து அங்குலம் குறைத்தால் அவருக்கேற்ற நறுக்கும் உயரம் கிடைக்கும். அடுப்பின் மேல் பாத்திரம் ஏறுவதால் அந்த இடம் இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருப்பது நல்லது. மாமியாரும் மருமகளும் ஒரே மேடையில் சமைக்கிற வீட்டில் இருவருக்கும் அரையடி உயர வித்தியாசம் என்றால், அதை வேலைக்கு முன்னால் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் முக்கோணமாக நினைத்து, ஒவ்வொரு பக்கமும் நான்கிலிருந்து ஒன்பது அடிக்குள் இருக்க வேண்டும் என்பது 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வுகளிலிருந்து பரவிய கணக்கு. நமக்கு அதில் நான்காவது முனை ஒன்று சேர வேண்டும், அது அரைக்கும் இடம். மேடையைவிடத் தாழ்ந்த ஒரு சிறு மேடை, பக்கத்தில் ஒரு பிளக், எட்டும் தூரத்தில் குழாய். வரைபடத்தில் இதற்கு ஒன்றரை அடி போதும்.

சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவு போட்டு மறைப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அந்தப் பெட்டியின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும். அழகுக்காக அதை அடைத்துவிட்ட சமையலறைகளைப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. சிம்னிக் குழாயும் அப்படித்தான். ஒவ்வொரு வளைவிலும் இழுவை குறையும். தாளிக்கிற வீட்டில் சிம்னி எந்தச் சுவரில் வெளியேறுகிறது என்பதை வைத்தே அடுப்பின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். அக்னி மூலை பார்ப்பவர்கள் வீட்டில் அதையும் இதையும் ஒரே நாளில் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. மேடைக் கல் பதித்த பிறகு வாஸ்து பார்த்து இடித்த வீடுகள் உண்டு.

அடுத்தது கட்டடத்தின் எல்லைகள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் ஏரியா என்பதற்குத் தெளிவான வரையறை தந்திருக்கிறது. வெளிச்சுவர், பால்கனி, ஷாஃப்ட் நீங்கலாக, உள்சுவர்கள் சேர்ந்த பயன்பாட்டுத் தரைப்பரப்பு அது. விற்பனைப் பேச்சில் சொன்ன சதுர அடி இதைவிட அதிகமாகவே இருக்கும். நாற்காலியும் கட்டிலும் போடப்போவது இந்தப் பரப்பில்தான் என்பதால் திட்டம் இதிலிருந்து தொடங்க வேண்டும். அதுவும் பத்திரத்திலிருந்து எடுத்த அளவாக இருக்கக் கூடாது; பூச்சு முடிந்த பிறகு டேப் பிடித்து எடுத்ததாக இருக்க வேண்டும். எந்தச் சுவரும் முழு நேர்க்கோணத்தில் இருப்பதில்லை. ஆசாரி மூலமட்டமும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துப் பார்த்தால் தரைக்கும் கூரைக்கும் நடுவில் அலமாரிக்கான இடம் அரை அங்குலம் ஓடியிருப்பது தெரியும். தொழிற்சாலையில் வெட்டி வரும் பெட்டிக்கு இந்த அரை அங்குலம் தெரியாது. மேலேயும் பக்கவாட்டிலும் இடைவெளியை மூடும் ஒட்டுப்பட்டையின் அகலம் அங்கே கூடியும் குறைந்தும் நிற்கும்.

சுவர் இடிக்கும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. தூண், உத்திரம், கூரைத்தளம் மூன்றையும் தொடக்கூடாது. பழைய கட்டடங்களில் ஒன்பது அங்குலச் சுவர் பல இடங்களில் சுமை தாங்கும் சுவர். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் அதில் ஒரு செங்கல்லையும் எடுக்கக்கூடாது. சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் உயர்ந்திருக்கும் பல புதிய கோபுரங்கள் மிவான் என்று இங்கே சொல்லும் அலுமினிய அச்சு முறையில் கட்டப்பட்டவை. அவற்றில் சுவரே கான்கிரீட். ஒயருக்காக அதில் காடி வெட்டுவது கட்டடத்தின் எலும்பில் கை வைப்பது. அப்படிப்பட்ட வீட்டில் புது பிளக் வேண்டுமென்றால் அலமாரியின் பின்பலகை வழியாகவோ, சுவர்மேல் ஓடும் பட்டைக்குள்ளோதான் ஒயரைக் கொண்டுபோக வேண்டும். இது தெரியாமல் டி.வி. சுவரை வடிவமைத்துவிட்டுப் பிறகு மாற்றுவதால் நாளும் பணமும் வீணாகின்றன.

வேலைகளின் வரிசை எளிது. இடிப்பும் கட்டுமானமும் முதலில், பிறகு குழாயும் நீர்க்காப்பும், பிறகு ஒயரிங், பிறகு தரையும் கூரையும், பிறகு மரவேலை, கடைசியில் கடைசிப் பூச்சு. எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும் தவறுவது ஏனென்றால் ஒவ்வொன்றும் அடுத்ததின் முடிவைக் கேட்கிறது. மரவேலையின் வரைபடம் முடியாமல் பிளக் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. கட்டிலின் தலைமாடு தெரியாமல் சுவிட்ச் போட முடியாது. அதனால் கடைசி வேலையின் வரைபடம் முதல் வேலைக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வந்து நின்று "சார், பாயின்ட் எங்கே?" என்று கேட்கும்போது சுவரைப் பார்த்து விரல் நீட்டுகிற வீட்டில் பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் பெருகும்.

மின்சாரத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் 1.5 சதுர மி.மீ. ஒயர், பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் பெரும்பாலும் 4 என்று நல்ல எலக்ட்ரீஷியன்கள் போடுகிறார்கள். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும்; அதை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் உருகும். மின்னதிர்ச்சியிலிருந்து காப்பாற்றும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் வகையாக இருக்க வேண்டும். இன்வெர்ட்டரில் எந்தெந்தப் புள்ளிகள் ஓடும் என்பதையும் இப்போதே பிரித்துவிட வேண்டும். ஏசியின் நீர்க்குழாய் சரிவாக எங்கே வெளியேறுகிறது என்பது ஃபால்ஸ் சீலிங் மூடுமுன் தெரிய வேண்டும். பூசி மூடுமுன் ஒவ்வொரு சுவரையும், டேப்பை விரித்துப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். பத்தாண்டு கழித்து ஓர் ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உங்களைக் காப்பாற்றும்.

ஃபால்ஸ் சீலிங் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வாழும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் கேட்கிறது. ஏசி அறையில் ஃபால்ஸ் சீலிங்கின் அடிவரை 2.4 மீட்டர் இருந்தாக வேண்டும் என்கிறது. நம் குடியிருப்புகளில் அதற்கு மேல் கிடைக்கும் உயரம் கொஞ்சம்தான். அதில் அரையடியை ஜிப்சத்துக்குக் கொடுத்துவிட்டால் மின்விசிறி தலைக்கு மேல் நெருங்குகிறது. ஆண்டில் பாதி நாள் விசிறியை நம்பி வாழும் ஊரில் உயரம் ஒரு சொத்து. ஒயரையும் ஏசிக் குழாயையும் மறைக்க ஓரமாக ஒரு பட்டை போதும். முழு அறையையும் தாழ்த்த வேண்டியதில்லை. வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கையறைக்கும் கூடத்துக்கும் 3,000 கெல்வின் மஞ்சள் ஒளி, படிக்கும் மேசைக்கும் சமையல் மேடைக்கும் 4,000 கெல்வின் நடுத்தர வெண்மை, மேடையில் உங்கள் நிழலே நறுக்கும் இடத்தில் விழாதபடி அலமாரிக்கு அடியில் ஒரு விளக்கு.

மரத்துக்கு வருவோம். பணத்தில் பெரும்பகுதி போவதும் ஏமாற்றம் அதிகம் நடப்பதும் இங்கேதான். பிளைவுட் கடைகளில் மூன்று பெயர்கள் கேட்கும். எம்.ஆர். என்பது காற்றின் ஈரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர். அதைவிட ஒரு படி மேல். இவை இரண்டும் ஐஎஸ் 303 தரத்தில் வருபவை. பி.டபிள்யூ.பி. என்பது ஐஎஸ் 710, மரைன் பிளை; 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பசை பிரியாமல் இருக்க வேண்டும் என்பது அதன் சோதனை. சிங்க்குக்கு அடியிலும் குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியிலும் இதைத் தவிர வேறு பிளை போடக்கூடாது. கூடத்து டி.வி. அலமாரிக்கு இவ்வளவு தேவையில்லை. எல்லா இடத்துக்கும் ஒரே தரம் என்று பேசி விலையேற்றுவதும் தவறு, எல்லா இடத்துக்கும் மலிவானதைப் போட்டு லேமினேட்டால் மூடுவதும் தவறு. பலகையின் ஓரத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் இருக்கும். வண்டியிலிருந்து இறங்கும்போதே, வெட்டுமுன் பார்த்துவிட வேண்டும்; வெட்டி மூடிய பிறகு எம்.ஆரும் மரைனும் ஒன்றுபோலவே தெரியும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்த நிறுவனம் விலைப்பட்டியலில் "நீர் தாங்கும் பலகை" என்று மட்டும் எழுதியிருந்தது. நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் சிங்க் அடிப் பெட்டியின் தரை அப்பளம் மாதிரி உப்பியது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு. அன்று முதல் யார் கேட்டாலும் ஒன்றே சொல்கிறேன்: ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் பலகையின் வகை, தர எண், கனம், தயாரிப்பாளர் பெயர், உள்பக்க லேமினேட்டின் கனம், கீலின் பெயர் ஆகியவை எழுத்தில் வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் சென்னையின் தரைத்தள வீடுகளுக்கு இன்னொரு பாடம் கற்பித்தன. ஒரு நாள் தண்ணீர் நின்ற வீட்டில் பார்ட்டிக்கிள் போர்டும் எம்.டி.எஃப். பலகையும் ஊறிப் பிளந்துபோகும். துடைத்து மறுபடி பயன்படுத்த முடியாது. அப்படிப்பட்ட தெருவில் தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு, கீழ் வரிசைக்கு நம் பழைய கடப்பா கல் செல்ஃபே இன்னும் நல்லது. கல்லைத் தாங்கிய செங்கல் காலின் மேல் அலுமினியச் சட்டக் கதவு மாட்டினால் பார்ப்பதற்கும் குறையில்லை, வெள்ளம் வடிந்ததும் கழுவிவிடலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரத்தில் எதிரி உப்புக் காற்று. சாதாரண இரும்புக் கீல் அங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். 304 ரக எவர்சில்வர் கீலும் சேனலும் கொஞ்சம் கூடுதல் விலைக்குத் தகும். கரையானுக்கு ஐஎஸ் 6313 என்ற தரமுறை இருக்கிறது, கட்டி முடித்த கட்டடங்களுக்குத் தனிப் பகுதியும் அதில் உண்டு. மரவேலைக்குப் பின்சுவர் மூடப்படுமுன் இந்த மருந்தடிப்பு முடிய வேண்டும். பலகைக்குள்ளேயே முட்டையிட்டிருக்கும் வண்டு வேறு வகை. மாவு மாதிரித் தூள் கொட்டுவதைப் பார்த்து "உளுத்துப்போச்சு" என்கிறோமே, அது.

புது அலமாரியைத் திறந்தால் கண்ணில் எரிச்சல் வருகிறதென்றால் அது பசையிலிருக்கும் ஃபார்மால்டிஹைடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பலகை வாங்கும்போது ஈ1 அல்லது ஈ0 என்ற குறைந்த வெளியீட்டு வகையைக் கேளுங்கள். வேலை முடிந்ததும் எல்லாக் கதவையும் ஜன்னலையும் சில வாரம் திறந்து போடுங்கள். குழந்தை தூங்கும் அறைக்கு இது மிக முக்கியம். பெயின்ட் விஷயத்தில் சட்டம் துணைக்கு இருக்கிறது. வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம்.மைத் தாண்டக்கூடாது என்ற 2016ஆம் ஆண்டு விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. டப்பாவில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதியவர் இருக்கிற வீடு என்றால் குளியலறைக்கு மற்ற எல்லா அறையையும்விட முதல் உரிமை கொடுங்கள். விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்து விழுதல்தான் உலகில் அதிக உயிர்களை எடுக்கிறது. வழுக்காத தரைக்கல், கோப்பைக்குப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் பிடிமானக் கம்பி, வெளியே திறக்கும் கதவு, இரவு எழுந்தால் கால் தெரியும்படி தரையோடு ஒரு சிறு விளக்கு. பிடிமானக் கம்பி இன்று தேவையில்லை என்றாலும் அதற்கான இடத்தில் சுவரைத் திடமாக்கி வைத்துவிடலாம். தரைக்கல் போடுமுன் நீர்க்காப்பு பூசி, குளியலறைத் தரையில் தண்ணீர் கட்டி ஒரு நாளாவது நிறுத்தி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். அவசரத்தில் இந்த ஒரு நாளைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். பிறகு கீழ்வீட்டுக்காரரோடு மனஸ்தாபம்.

யாரிடம் கொடுப்பது? மூன்று வழி இருக்கிறது. தெரிந்த ஆசாரியிடம் கூலிக்குக் கொடுத்து, பொருளை நாமே வாங்குவது ஒன்று. செலவு குறையும், பலகை நம் கண்முன் வரும். ஆனால் தினமும் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். வடிவமைப்பாளரை வைத்து வரைபடமும் மேற்பார்வையும் வாங்கி, வேலையைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுப்பது இரண்டு. எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைப்பது மூன்று. வேலைக்குப் போகும் கணவன் மனைவிக்கு மூன்றாவதே வசதி என்று தெரியும். ஆனாலும் என் மனம் இரண்டாவது பக்கம் சாய்கிறது. வரைபவரும் பலகை விற்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் ஒருவர் தவறை மற்றவர் சொல்வார். ஒன்று நினைவிருக்கட்டும்: ஆர்க்கிடெக்ட் என்று தம்மை அழைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். இன்டீரியர் டிசைனருக்கு அப்படிச் சட்டப் பதிவு இல்லை. ஆகவே சான்றிதழைவிட, அவர் செய்து மூன்று ஆண்டாவது ஆன ஒரு வீட்டைப் போய்ப் பார்ப்பதே சோதனை. புது வீட்டைக் காட்டினால் ஒன்றும் தெரியாது. மூன்று மழை பார்த்த வீட்டில் கதவு தொங்குகிறதா, ஓரப் பட்டை உரிகிறதா என்று பார்த்தால் தெரியும்.

சதுர அடிக் கணக்கு பலருக்குப் புரியாத இடம். எட்டடி அகலம், ஏழடி உயரம் கொண்ட அலமாரியின் முகப்பு 56 சதுர அடி. மேலே இரண்டடிக்குப் பரண் கதவு போட்டால் 16 கூடி 72. பரணுக்குப் பெட்டி இல்லை, வெறும் சட்டமும் கதவும்தான். அதற்கும் அலமாரிக்கும் ஒரே விலை போட்டிருக்கிறார்களா? இழுப்பறை, உள்கண்ணாடி, கீல், பூட்டு எல்லாம் அந்த விலைக்குள் அடக்கமா, தனியா? 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்துச் சொன்னதா, சேர்க்காமலா? இரண்டு விலைப்பட்டியலை ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். குறைந்த விலை சொன்னவர் பல நேரம் குறைவாகச் சேர்த்தவர்.

பணத்தை நாள் பார்த்துக் கொடுக்காதீர்கள், வேலையைப் பார்த்துக் கொடுங்கள். ஒயரிங் முடிந்து சோதித்த பின் ஒரு தவணை, பலகை வந்து இறங்கிய பின் ஒன்று, பெட்டிகள் நின்ற பின் ஒன்று. கடைசித் தவணை, குறைகள் எல்லாம் தீர்ந்த பிறகே. பாதிக்கு மேல் முன்பணம் கேட்பவரிடம் யோசித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தமும் ரசீதும் இருந்தால், வேலை கெட்டபோது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ரொக்கமாகக் கொடுத்து வாய்மொழியில் முடித்தவர்களுக்கு அங்கே பேச ஒன்றும் இருக்காது. கையிலிருக்கும் தொகை முழுவதையும் பட்டியலுக்குள் அடக்கிவிடக்கூடாது. பத்தில் ஒரு பங்கையாவது சுவருக்குள்ளிருந்து வெளிவரும் செலவுகளுக்கு ஒதுக்குங்கள். பணம் முட்டினால் தரத்தைக் குறைக்காமல் அறையைக் குறையுங்கள். விருந்தினர் அறை அலமாரி அடுத்த ஆண்டு வரட்டும். அதற்கான ஒயரும் பிளக்கும் மட்டும் இப்போதே சுவருக்குள் போகட்டும்.

நாள் குறிப்பதில் நமக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் பார்த்து, பத்திரிகை அடித்து, பிறகு ஆசாரியிடம் வந்து "தை மாசத்துக்குள்ள முடிச்சிடுங்க" என்கிறோம். அதற்கு முந்தைய ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழை. பட்டி காயாது, பெயின்ட் இறுகாது, ஈரம் குடித்த மரம் பிறகு கோடையில் சுருங்கும். மார்கழியில் நான்கு தொழிலாளிகள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். தரைக்கல்லின் மேல் ஆசாரி பலகை அறுப்பார், அந்தத் தூள் படிந்த சுவரில் பெயின்டர் உருளையை ஓட்டுவார். இதற்கு நான் கண்ட வழி எளிது. பால் காய்ச்சுவதற்கு அடுப்பும் குழாயும் விளக்கும் போதும். வெறும் வீட்டிலேயே நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டு, மாசியில் மரவேலையைத் தொடங்கி நிதானமாக முடிக்கலாம். ஊரார் வந்து பார்க்கும்போது அலமாரி இல்லாதது ஒரு குறையாகத் தெரிந்தால் தெரியட்டும்.

ஒப்படைக்கும் நாளில் எல்லாரும் கூடத்தில் நின்று டி.வி. சுவரைப் பார்ப்பார்கள். நீங்கள் சிங்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒவ்வோர் இழுப்பறையிலும் கனமான பாத்திரங்களைப் போட்டு இழுத்து மூடுங்கள். ஏசியையும் கீசரையும் இண்டக்‌ஷனையும் ஒரே நேரத்தில் ஓட்டி எது துண்டிக்கிறது என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். ஒயரிங் படங்கள், குழாய் வரைபடம், பலகையின் பில், கீலின் உத்தரவாத அட்டை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுச் சமையலறையின் மேல் இழுப்பறையிலேயே வையுங்கள். பிளம்பர் வரும் நாளில் பீரோவைத் தேட வேண்டாம். பிறகு கிரைண்டரைத் தூக்கிவந்து அதன் இடத்தில் வைத்து, ஊறவைத்த ஓர் ஆழாக்கு உளுந்தைப் போட்டு ஓட விடுங்கள். அதில் அரைக்கப்போகிறவர் குனியாமல் மாவை வழித்து, நின்ற இடத்திலிருந்தே கல்லைக் கழுவ முடிந்தால், கடைசித் தவணையைக் கொடுத்துவிடலாம்.